செத்துப்போச்சுன்னு யாருய்யா சொன்னது?

"செத்துப்போச்சு பாஸ். இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க. புதுசு வாங்கிடுங்க."

லேப்டாப் வெச்சிருக்கிற யாரும் இந்த வசனத்தைக் கேக்காம இருந்திருக்க முடியாது. ஊத்தங்கரையில கேட்டிருப்பீங்க, கிருஷ்ணகிரியில கேட்டிருப்பீங்க, பெங்களூருல ஏசி போட்ட ஷோரூம்ல இன்னும் கொஞ்சம் நாகரிகமா கேட்டிருப்பீங்க. சொல்ற விதம்தான் மாறும், தீர்ப்பு ஒண்ணுதான். இந்தப் பதிவு அந்தத் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீடு. கொஞ்சம் நீளம். டீயை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காருங்க மக்கா.

என்னைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. பெங்களூருல பொட்டி தட்டிப் பொழைக்கிற கும்பல்ல நானும் ஒருத்தன். இஞ்சினியரிங் முடிச்ச நாள்ல இருந்து இதே ஆணிதான். சொந்த ஊர் சாமல்பட்டி. ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவுல, எக்ஸ்பிரஸ் ரயில்ல போறவங்க தூக்கத்துலயே தாண்டிப் போற ஸ்டேஷன். வார நாள்ல புது லேப்டாப்ல கம்பெனி வேலை. சனி ஞாயிறு ஊருக்கு வந்தா பழைய லேப்டாப்பைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். எங்கம்மா பாஷையில சொன்னா "வீடு பூரா ஸ்க்ரூ".

இதைப் பார்க்கிற ஆபீஸ் நண்பர்கள் ரெண்டு வகையா சிரிப்பாங்க. "ஓ, ஹாபியா? நைஸ்"ங்கிறது ஒரு வகை. "சம்பளம் வாங்குற இல்ல, ஏன்டா இந்தக் கஞ்சத்தனம்"ங்கிறது இன்னொரு வகை. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில். எங்க பக்கத்துல பல வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் கடையில இருந்து வர்றதில்லை. யாரோ ஒருத்தர் "செத்துப்போச்சு"ன்னு ஒதுக்கினதுதான் அந்த வீட்டுக்கு வருது. அதனால, எது செத்துச்சு எது சாகலைன்னு முடிவு பண்ற அதிகாரம் யார் கையில இருக்குங்கிறது, ஒரு புள்ளைக்குக் கம்ப்யூட்டர் கிடைக்குமா கிடைக்காதாங்கிற கேள்வி. இதை ஹாபின்னு சொல்லி ஓரங்கட்டாதீங்க.

சரி, லேப்டாப்புக்குச் சாவுன்னா என்ன? மதர்போர்டு எரிஞ்சு, அதுக்கு மாத்து போர்டும் கிடைக்கலைன்னா சாவு. ஒத்துக்கறேன். மத்தபடி பேட்டரி, ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, ஃபேன், கீல், சார்ஜர் குத்துற ஓட்டை இதெல்லாம் உறுப்பு. உறுப்பு போனா மாத்தணும். பல்லு விழுந்தவனை யாரும் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போறதில்லையே?

ஆனா இப்போ புதுசா ஒரு சாவு வந்திருக்கு. எந்த உறுப்பும் கெடாமலே, நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே, தேதி குறிச்சு வர்ற சாவு. 2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்துச்சு. கேட்டவங்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் வரைக்கும்னு ஒரு தவணை கொடுத்துச்சு. விண்டோஸ் 11-க்குப் போகலாம்னா டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்புச் சில்லு வேணும், அதோட ப்ராசஸர் அவங்க வெச்சிருக்கிற பட்டியல்ல இருக்கணும். இன்டெல்னா, ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு தவிர, எட்டாவது தலைமுறைக்கு மேல. அதாவது 2017 நடுவுல லட்ச ரூபாய் கொடுத்து வாங்குன, ஏழாவது தலைமுறை ஐ7, 16 ஜிபி ரேம் போட்ட பொட்டி ஃபெயில். அதுக்குப் பக்கத்துல நிக்கக்கூட வேகம் பத்தாத செலரான் என்4000, 4 ஜிபி ரேம் போட்ட பொட்டி பாஸ்! இதுல வேகம் எங்க வந்துச்சு, திறமை எங்க வந்துச்சு? இதனால சுமார் 24 கோடி கம்ப்யூட்டர் குப்பைக்குப் போகலாம்னு கனாலிஸ்ங்கிற ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பர்லயே மதிப்பிட்டுச்சு.

டிபிஎம் வேண்டாம்னு நான் சொல்லலை. பாதுகாப்புக்கு நல்ல விஷயம்தான். "இது எங்க புது சாஃப்ட்வேருக்கு ஒத்து வராது"ன்னு சொல்ல அவங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கு. அதை "உங்க பொட்டி காலாவதி"ன்னு மொழிபெயர்த்து நம்ம தலையில கட்டுறது கடைக்காரரும் நம்ம சோம்பேறித்தனமும்தான். அதே ஃபெயில் ஆன பொட்டியில லினக்ஸ் மின்ட் போட்டா, இன்னும் பல வருஷத்துக்கு அப்டேட்டோட ஓடும். காசு பைசா கிடையாது.

இப்போ எங்க மாவட்டத்துக்கு வாங்க. ஓசூர்ல 1980-ல டிவிஎஸ் 50 வந்துச்சு. ரெண்டு பேர் உக்காந்து போற மொபெட். அதோட வாரிசு எக்ஸ்எல் மேல இன்னைக்கும் சந்தூர் மாங்கா கூடை போகுது, பால் கேன் போகுது, மாட்டுத் தீவனம் போகுது, சமயத்துல மொத்தக் குடும்பமே போகுது. கார்புரேட்டர் அடைச்சா "வண்டி செத்துப்போச்சு, புதுசு வாங்கு"ன்னு எந்த மெக்கானிக்காவது சொல்லியிருக்காரா? சொன்னா அடுத்த நாள் அவர் கடைக்கு ஆள் போகாது. அதே ஓசூர்ல 1980-கள்ல இருந்து டைட்டன் வாட்ச் செய்யறாங்க. அப்பா கல்யாணத்துக்கு வாங்குன வாட்ச்சுக்கு செல் மாத்தி மகன் கட்டிக்கறான். அது கௌரவம். அப்பா வாங்குன லேப்டாப்புக்கு பேட்டரி மாத்தி மகன் வெச்சிருந்தா மட்டும் அது பிச்சைக்காரத்தனமா? என்னங்கடா நியாயம் இது!

இன்னொரு கூத்து. இப்போ ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோனுக்குப் பாகம் செய்யுது. போச்சம்பள்ளி பக்கம் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை. குருபரப்பள்ளியில டெல்டா எலக்ட்ரானிக்ஸ். எங்க ஊர்ப் பக்கத்துப் பசங்களும் பொண்ணுங்களும் விடியக்காலை கம்பெனி பஸ் ஏறிப் போய், உலகத்துக்கே எலக்ட்ரானிக்ஸ் பூட்டித் தர்றாங்க. தலைமுடியை விட மெல்லிசான வேலை அவங்க விரலுக்குப் பழக்கம். அதே விரலுங்க வீட்டுக்கு வந்தா, கட்டிலுக்கு அடியில தூசி படிஞ்சு கிடக்குற அரசாங்க லேப்டாப்பைத் தொடாது. ஏன்னா அது "செத்துப்போச்சு". யாரோ சொல்லிட்டாங்க.

ஆங், அரசாங்க லேப்டாப். இந்தப் பதிவோட மையமே அதுதான்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு ஜெயலலிதா அந்தத் திட்டத்தைத் தொடங்கி வெச்சாங்க. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல மேல்நிலை படிக்கிறவங்களுக்கும் கல்லூரி, பாலிடெக்னிக் பசங்களுக்கும் இலவச லேப்டாப். எல்காட் மூலமா டெண்டர். அடுத்த எட்டு ஒன்பது வருஷத்துல 50 லட்சத்துக்கும் மேல கொடுத்தாங்க. செலவு 7,000 கோடி ரூபாய்க்கு மேல. இலவசம்னு சொல்லி மூக்கைச் சுளிச்சவங்க நிறைய பேர். எனக்கு அந்தச் சண்டையே வேண்டாம். கம்ப்யூட்டரை ஸ்கூல் லேபுல கண்ணாடிக்குப் பின்னாடி மட்டும் பார்த்த புள்ளைங்க வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது பெரிய விஷயம். இன்னைக்கு ஐடியில இருக்கிற எத்தனையோ பேருக்கு முதல் 'ஹலோ வேர்ல்டு' அதுலதான் ஓடுச்சு. மனசாட்சியோட பின்னூட்டத்துல கை தூக்குங்க பார்ப்போம்.

என் சண்டை வேற. 50 லட்சம் பொட்டி கொடுத்த மாநிலத்துல, அதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எங்க கிடைக்கும், எவன் சரி பண்ணுவான்னு யோசிச்ச மாதிரி தெரியலை. வாரண்டி முடிஞ்சதும் அவங்கவங்க பாடு. கிராமத்துப் புள்ளை பஸ் ஏறி டவுனுக்குப் போய் விலை கேட்கும். கடைக்காரர் சொல்ற தொகையைக் கேட்டுட்டு அப்படியே திரும்பி வந்துடும். பொட்டி பரணுக்குப் போகும். அங்க இருந்து ஒருநாள் பேரீச்சம்பழத்துக்கு! 7,000 கோடியில ஒரு பங்கு இப்படித்தான் பரண் மேல உக்காந்திருக்கு.

வார இறுதியில என் கைக்கு வர்ற பொட்டிகள்ல பாதிக்கு மேல இந்த வகைதான். திறந்து பார்த்தா உள்ள என்ன வியாதின்னு சொல்றேன், கேளுங்க.

முதல் வியாதி ஹார்ட் டிஸ்க். உள்ள தட்டு சுத்துற பழைய ரகம். ஓடும்போது கீழ விழுந்தா, அடிபட்டா, காலி. காலி ஆகாட்டியும் ஆன் பண்ணா சோறு பொங்கி இறக்கற நேரம் ஆகும். அதைக் கழட்டிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டா, அதே பொட்டி அரை நிமிஷத்துல எழுந்து நிக்கும். ரேம் 2 ஜிபி இருந்தா இன்னொரு துண்டு சேர்த்து 4 ஆக்கணும். மூணே மூணு ஸ்க்ரூ வேலை. பெங்களூர் எஸ்பி ரோட்டுலயோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுலயோ பழைய டிடிஆர்3 ரேம் இன்னும் கிடைக்குது.

ரெண்டாவது வியாதி தூசி. எங்க மாவட்டத்துல கிரானைட் வெட்டுற தூசி வேற. ஃபேன்ல அது கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். ப்ராசஸர் மேல தடவின பேஸ்ட் காஞ்சு காரை மாதிரி ஆகியிருக்கும். சூடு ஏறி தானா அணைஞ்சுடும். வீட்டுல "மோட்டார் போயிடுச்சு"ன்னு முடிவு பண்ணியிருப்பாங்க. ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் கொஞ்சம் பேஸ்ட்டும் போதும்.

மூணாவதுதான் என் ஃபேவரைட். பக்கத்து ஊர்ல பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தங்கச்சி. அண்ணனுக்கு ஸ்கூல்ல கொடுத்த லேப்டாப். "ஆன் ஆகுதுண்ணா, ஆனா எந்த வெப்சைட்டும் வரமாட்டேங்குது"ன்னு கொண்டு வந்துச்சு. டவுன்ல ஒரு கடையில மதர்போர்டு போச்சுன்னு சொல்லிட்டாங்களாம். ஆன் பண்ணிப் பார்த்தேன். தேதி பத்து வருஷம் பின்னாடி நிக்குது. உள்ள இருக்கிற காசு சைஸ் செல், சிஆர்2032, தீர்ந்துபோச்சு. அது தீர்ந்தா ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் கடிகாரம் பழைய தேதிக்குப் போயிடும். தேதி தப்பா இருந்தா வெப்சைட்டோட பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாதுன்னு ப்ரவுசர் கதவைச் சாத்திடும். அவ்வளவுதான் நோய். டார்ச் லைட்டு, வாட்ச் கடையில விக்கிற செல்லு. டீ, வடை செலவுல முடிஞ்சுது! அந்தப் பொட்டியில இப்போ அந்தப் பொண்ணு பைத்தான் கத்துக்குது. மதர்போர்டு போச்சுன்னு நம்பியிருந்தா? வீட்டுல மூணு பேருக்கு ஒரு போனு, அதுலதான் மாரடிச்சிருக்கும்.

இப்போ எதிர்க்கேள்விகளுக்கு வர்றேன். அனானி நண்பர்கள் எப்படியும் கேட்பீங்க, நானே கேட்டுக்கறேன். :-)

"பழைய பொட்டி பாதுகாப்பு இல்லையே?" பழைய சாஃப்ட்வேர்தான் பாதுகாப்பு இல்லை. ஆதரவு முடிஞ்ச விண்டோஸை வெச்சுக்கிட்டு பேங்க் கணக்கைத் திறக்காதீங்கன்னு நானும்தான் சொல்றேன். அப்டேட் வர்ற லினக்ஸைப் போடுங்க. இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. 2007 வாக்குல உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட் நிர்வாக இயக்குநரா இருந்தப்பவே அங்க லினக்ஸுக்கு மாறினாங்க. சென்னையில இருக்கிற சி-டாக், டெபியனை அடிப்படையா வெச்சு பாஸ் லினக்ஸ் செஞ்சு, அது அரசாங்க லேப்டாப்புலயும் வந்துச்சு. தமிழ்ல லினக்ஸ் கத்துக்கணும்னா 2012-ல இருந்து கணியம் இருக்கு. தமிழ்99-ல தட்டவும் தனியா எதுவும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். இ-கலப்பை பிடிச்சுப் பழகின கைக்கு ஒரு மணி நேரத்துல பழகிடும்.

"பழைய பொட்டி கரண்ட் தின்னுமே? சுற்றுச்சூழல்?" லேப்டாப் தின்ற கரண்ட் ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குத்தான். ஒரு லேப்டாப்போட ஆயுசுல அது உண்டாக்குற கார்பன்ல பெரும்பங்கு, அது உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே தொழிற்சாலையில வெளியேறிடுது. சில்லு செய்யவும் திரை செய்யவும் ஆகற செலவு அப்படி. அதனால ஏற்கெனவே செஞ்சதை இன்னும் நாலு வருஷம் ஓட்டுறதுதான் லாபம். 2022-ல மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்குப்பை போட்டுச்சு. அதுல முறையா சேகரிச்சு மறுசுழற்சி ஆனதுன்னு கணக்குல வந்தது 22.3 சதவீதம்தான். இது ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து 2024-ல வெளியிட்ட அறிக்கை. மீதி எங்க போகுது? ஒரு பகுதி டெல்லி சீலம்பூர் மாதிரி இடத்துல கையுறை கூட இல்லாம மனுஷங்க கையால உடைபடுது.

"போன் போதுமே?" பத்துப் பக்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் போன்ல அடிச்சு, டேபிள் போட்டு, படம் சேர்த்து அனுப்பிட்டு வந்து சொல்லுங்க. 2020 கொரோனா சமயத்துல போன்ல பாடம் கேட்ட புள்ளைங்க பட்ட பாட்டைப் பார்த்த யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டாங்க. போன்ல பார்க்கலாம், கேட்கலாம். செய்யறதுக்குக் கீபோர்டு வேணும்.

"பழசைத் தள்ளிவிட்டு ஏழையை ஏமாத்தறியா?" இது ஒண்ணுதான் நியாயமான கேள்வி. நம்மாளுங்க தானம் கொடுக்கற அழகு அப்படி. பேட்டரி இல்லாம, சார்ஜர் இல்லாம, மூணு கீ ஒடிஞ்ச பொட்டியைத் தூக்கிக் கொடுத்துட்டு ஃபோட்டோ எடுத்துப் போடுவாங்க. அது தானம் இல்லை, வீட்டைக் கூட்டுறது. நான் வெச்சிருக்கிற விதி ஒண்ணு: நான் ஒரு வாரம் முழுசா வேலை பார்க்க முடியாத பொட்டியை யாருக்கும் கொடுக்க மாட்டேன். கொடுத்தா என் போன் நம்பரோட கொடுப்பேன். இந்தப் பதிவைத் தட்டுறதும் 2011-ல வந்த திங்க்பேட் எக்ஸ்220-லதான். ரேமும் எஸ்எஸ்டியும் ஏத்தியிருக்கேன், பேட்டரி மாத்தியிருக்கேன். பதினைஞ்சு வருஷ வயசு. என் கீபோர்டு வேகத்துக்கு அது என்னைக்கும் பின்தங்கினதில்லை.

எல்லாத்தையும் காப்பாத்தலாம்னு கதை விடலை. 32 பிட் மட்டும் ஓடுற பொட்டிக்கு வழி குறுகிப்போச்சு. 2025-ல வந்த டெபியன் 13 அதுக்கு நிறுவியைக் கைவிட்டுச்சு. லினக்ஸுக்கான ஃபயர்ஃபாக்ஸும் அதே வருஷம் 32 பிட்டை விட்டுச்சு. அது டைப்ரைட்டர் மாதிரி எழுத மட்டும் ஆகும். வயிறு உப்பின பேட்டரியை ஹீரோ மாதிரி குத்திப் பார்க்காதீங்க, தீப்பிடிக்கும். நிஜமாவே செத்ததை முறையான மின்குப்பை சேகரிப்புக்குக் கொடுங்க. நான் கேட்கிறது மரணச் சான்றிதழுக்கு முன்னாடி ஒரு தடவை நாடி பிடிச்சுப் பாருங்கங்கிறது மட்டும்தான்.

அடுத்து நம்ம கும்பல். ஐடிக்காரங்க. கோச்சுக்காதீங்க, நானும் இதுல ஒருத்தன்தான். மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி புது லேப்டாப் தருது. பழசு எங்க போகுதுன்னு என்னைக்காவது கேட்டிருக்கோமா? சில கம்பெனிங்க ஏலத்துல விடுது, அதுங்கதான் சுத்தி எஸ்பி ரோட்டுக்கு வருது. புண்ணியமா போகும். சில இடத்துல "டேட்டா பாதுகாப்பு"ன்னு சொல்லி முழுப் பொட்டியையே நசுக்குற இயந்திரத்துக்கு அனுப்பறாங்க. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியிலயும் அதேதான். டேட்டா இருக்கிறது டிஸ்க்குல. அழிக்கறதுக்கு நிஸ்ட் 800-88-னு அமெரிக்க வழிகாட்டியே இருக்கு. பயமா இருந்தா டிஸ்க்கை மட்டும் கழட்டி நசுக்குங்க. கீபோர்டு என்ன பாவம் பண்ணுச்சு? திரை யார் ரகசியத்தைச் சொல்லப்போகுது? கேட்டேன். "பாலிசி"ன்னாங்க. பாலிசிங்கிறது யோசிக்க மறுக்கறதுக்கு இன்னொரு பேரு.

அப்புறம் செய்யற கம்பெனிங்க. 2012-ல ரெட்டினா மேக்புக் ப்ரோ வந்தப்ப ரேமை போர்டோட சேர்த்துப் பத்த வெச்சு, பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி விட்டாங்க. ஐஃபிக்ஸிட் அதுக்குப் பத்துக்கு ஒரு மார்க் கொடுத்துச்சு. சந்தை என்ன பண்ணுச்சு? ஆஹா எவ்வளவு மெல்லிசுன்னு கைதட்டுச்சு. மத்த கம்பெனிங்களும் பின்னாடியே போச்சு. நான் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுற திங்க்பேட் கூட யோக்கியம் இல்லை. 2012-ல வந்த எக்ஸ்230 வேற கம்பெனி பேட்டரியைப் போட்டா சார்ஜ் ஏத்தமாட்டேன்னு அடம் பிடிக்கும். டெல் லேப்டாப் பலதும் சார்ஜர் உள்ள இருக்கிற சில்லைப் படிக்க முடியலைன்னா பேட்டரிக்குச் சார்ஜ் போடாது, வேகத்தையும் குறைச்சுக்கும். கெட்டுப்போறதுக்கு மருந்து உண்டு, கெட்டுப்போகணும்னே செஞ்சு வெச்சா?

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்பீங்க. புது மின்குப்பை விதிகள் 2023 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. வித்த கம்பெனியே குப்பைக்குப் பொறுப்புன்னு இலக்கு வெச்சாங்க, நல்லது. ஆனா அது முக்கியமா எடை கணக்கு. இத்தனை டன் நொறுக்கினோமான்னு பார்க்குது. ரிப்பேருக்கான உரிமைன்னு 2022 ஜூலையில நுகர்வோர் துறை ஒரு கமிட்டி போட்டுச்சு, அந்த டிசம்பர்ல ஒரு போர்ட்டல் வந்துச்சு. போர்ட்டல் வந்துச்சு சரி, ஊத்தங்கரைக்குக் கீபோர்டு வந்துச்சா? ஃபிரான்ஸ்ல 2021-ல இருந்து லேப்டாப் விக்கும்போதே "இதைச் சரிபண்றது எவ்வளவு சுலபம்"னு பத்துக்கு ஒரு மார்க்கை விலைக்குப் பக்கத்துலயே ஒட்டணும். வாங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்ல?

இதையெல்லாம் இப்போ ஏன் கத்திக்கிட்டு இருக்கேன்? காரணம் இருக்கு. 2025-26 பட்ஜெட்ல தமிழ்நாடு அரசு, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட்னு அறிவிச்சுது. 2026 ஜனவரியில லேப்டாப் கொடுக்கவும் ஆரம்பிச்சாங்க. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. நல்ல பொட்டி, பாராட்டறேன். போன தடவை 50 லட்சத்துக்கு நடந்தது இந்த 20 லட்சத்துக்கும் நடக்கப்போகுதா? எந்த ஆட்சியா இருந்தாலும் நான் கேட்கிறது இந்த நாலுதான்.

1. பொட்டி வாங்குற டெண்டர்லயே ஸ்பேரையும் சேருங்க. ஒவ்வொரு மாடலுக்கும் பேட்டரி, சார்ஜர், கீபோர்டு, கீல் இதெல்லாம் குறைஞ்சது ஏழு வருஷத்துக்கு, அச்சடிச்ச விலைக்குக் கிடைக்கணும். ஒரே மாடல் லட்சக்கணக்குல வாங்குறவன் கேட்டா கம்பெனி கொடுக்கும். தனி ஆள் கேட்டா கொடுக்காது. அரசாங்கத்துக்கு இருக்கிற பலமே அதுதான்.

2. தாலுகாவுக்கு ஒரு ரிப்பேர் பட்டறை. புதுக் கட்டடம் வேண்டாம், இருக்கிற ஐடிஐ, பாலிடெக்னிக் போதும். பசங்களுக்குத் தொழிலும் ஆச்சு, பொட்டிக்கு வைத்தியமும் ஆச்சு.

3. பிரிச்சு மாத்துற கையேடு தமிழ்ல, படத்தோட, எல்லாரும் இறக்கிக்கிற மாதிரி வெளியிடுங்க. லெனோவோ திங்க்பேடுக்கு எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைன்னு கம்பெனியே கையேடு போடுது. முடியாத காரியம் இல்லை.

4. பரண் மேல இருக்கிற பழைய 50 லட்சத்தை மறக்காதீங்க. காயலான் கடைக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பட்டறையில ஒரு தடவை நாடி பார்க்கட்டும். புது லேப்டாப் கல்லூரிக்கு. பழசு ஒன்பதாவது பத்தாவது படிக்கிற தம்பி தங்கச்சிக்கு.

2025 கடைசியில இருந்து ரேம் விலை தாறுமாறா ஏறிக்கிட்டு இருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. ஏஐ டேட்டா சென்டருங்க மெமரியை மொத்தமா அள்ளிக்கிட்டுப் போகுது. மைக்ரான் கம்பெனி நம்மள மாதிரி ஆளுங்க வாங்குற க்ரூஷியல் ரேமையே மூடப் போறோம்னு 2025 டிசம்பர்ல அறிவிச்சுடுச்சு. புது லேப்டாப் விலை இதனால ஏறும்போது முதல்ல வெளிய தள்ளப்படுறது யாரு? சம்பளத்துல ஈஎம்ஐ போடுற நானா? சாமல்பட்டியில பூ கட்டி வித்து, பொண்ணைப் படிக்க வைக்கிற அம்மாவா?

மக்கா, பதிவர் வட்டத்துல பாதிப் பேர் பொட்டி தட்டுறவங்கதான். இந்த வாரக் கடைசியில ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. உங்க பரணை, அலமாரியை, ஊர்ல சித்தப்பா வீட்டுக் கட்டில் அடியைத் தேடுங்க. ஒரு பழைய பொட்டி கட்டாயம் இருக்கும். முதல்ல அந்த காசு சைஸ் செல்லை மாத்துங்க. அப்புறம் தூசி, அப்புறம் டிஸ்க். எழுந்திருச்சா, சார்ஜரோட, பேட்டரியோட, உங்க நம்பரோட ஒரு புள்ளை கையில கொடுங்க. எழுந்திருக்கலைன்னா என்ன மாடல், என்ன பிரச்சனைன்னு பின்னூட்டத்துல போடுங்க. தெரிஞ்சவங்க எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்.

செத்துப்போச்சுன்னு சொல்ற உரிமையை, அதோட உள்ள ஒரு தடவை கூட திறந்து பார்க்காதவன் கையில கொடுக்காதீங்க.

டிஸ்கி 1: இது எந்த இயங்குதளத்துக்கும் விளம்பரம் இல்லை. ஆபீஸ்ல நான் தட்டுறது விண்டோஸ் 11-தான், சோறு போடுது.

டிஸ்கி 2: "இவ்வளவு பேசறியே, என் லேப்டாப்பை இலவசமா சரி பண்ணித் தருவியா"ன்னு கேட்கப்போற ஆபீஸ் நண்பர்களுக்கு: சாமல்பட்டிக்குக் கொண்டு வாங்க. ஸ்க்ரூ டிரைவர் தர்றேன், நீங்களே பண்ணுங்க. டீ என் செலவு. :-)